எண்ணெய் ஓடவேண்டிய ஐந்து நிமிடம்

புதன் கிரகத்தில் வீடுகள் நிற்பதில்லை. நின்றால் வெயில் பிடித்துவிடும். அங்கே வெயில், மனிதன் நடக்கும் வேகத்தில் கிழக்கிலிருந்து துரத்தி வருகிறது. அது விழுந்த இடத்தில் ஈயம் உருகும். ஆகவே எல்லாரும் இருளும் ஒளியும் சந்திக்கும் விடிகோட்டிலேயே, பன்னிரண்டு சக்கர நகர்வீடுகளில் சமைத்து, உறங்கி, பிள்ளை பெற்று, மேற்கே போய்க்கொண்டிருந்தார்கள்.

இன்னாசியின் வீட்டுக்குப் பின்னால், இரும்புத் தண்டில் கட்டிய சின்ன வண்டி ஒன்று நான்கு சக்கரமும் தரையில் உருள வந்துகொண்டிருந்தது. வேகமாகப் போக அது ஒன்றுதான் வழி. ஆனால் அது பழைய ஆட்டோமேட்டிக் கியர் வண்டி. மோட்டார் ஓடினால்தான் கியர் பெட்டிக்குள் எண்ணெய் சுற்றும். மோட்டார் அணைந்திருக்க, சக்கரம் மட்டும் இழுபட்டுச் சுழன்றால் உள்ளே எல்லாம் காய்ந்து, உரசித் தீய்ந்துபோகும். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை வீடு மணி அடிக்கும். இன்னாசி விண்ணங்கி மாட்டிக்கொண்டு பின்னால் போய், வண்டியை நியூட்ரலில் வைத்து, ஐந்து நிமிடம் மோட்டாரை ஓடவிட்டு வரவேண்டும்.

மகள் செல்சியா முப்பது கிலோமீட்டர் முன்னால், தன் வீட்டில் போய்க்கொண்டிருந்தாள். முதல் பேறு. வலி எடுத்ததும் தாய் அமலோற்பவம் சின்ன வண்டியில் போய்ச் சேர்வதாக ஏற்பாடு.

அன்று வலி எடுத்தது. அமலோற்பவம் விண்ணங்கிக்குள் பாதி நுழைந்திருந்தபோது வீடு சொன்னது: "சின்ன வண்டியைச் சோதித்தேன். கியர் பெட்டி தீய்ந்துவிட்டது."

அவள் முன்னறைக்கு வந்தாள். இன்னாசி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தன நாளா நீங்க பின்னால போவல?"

"மணியடிக்கும்போதெல்லாம் பாற வந்துருதுட்டி. இத யாருகிட்ட குடுத்துட்டுப் போவ?"

"எத்தன நாளு?"

"பன்னெண்டு."

அவள் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சக்கரங்களுக்கடியில் கல் நொறுங்குவது தரை வழியாக உடம்பில் தெரிந்தது.

"இந்த ஸ்டியரிங்கு எதோடயும் சேந்ததில்லங்க," என்றாள். "வீடு தானாத்தான் ஓடுது. சொரங்க லாரி ஓட்டுத வேலைய விட்டப்புறம் ஒரு மாசம் நீங்க சாப்புடல, பேசல. வண்டியப் பத்தி நீங்கதான சொல்லுவிய, ஓடாம இழுபட்டா உள்ள காஞ்சிரும்னு. நாந்தான் வீட்டுகிட்டச் சொல்லி இந்த ஸ்டியரிங்க வைக்கச் சொன்னேன்."

இன்னாசி அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஏழு வருடமாகத் தன் பிடியில் தேய்ந்து வழவழப்பாகிப் போயிருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"அப்ப பிள்ளைகிட்ட எப்பிடிப் போவ?" என்றார்.

"செல்சியாவின் வீட்டிடம் பேசிவிட்டேன்," என்றது வீடு. "அது நின்றுவிட்டது. வெயில் அங்கே வர எட்டு மணி நேரம் இருக்கிறது. நான் வேகத்தைக் கூட்டிவிட்டேன். ஐந்து மணி நேரத்தில் சேர்ந்துவிடலாம்."

அப்போது வானொலியில் மருமகன் ரொசாரியோவின் குரல் வந்தது. "மாமா, பயப்படாதிய. நான் வீட்ட ஓரங்கட்டி நிப்பாட்டிட்டேன். என்னா ஒரு பிரேக்கு! ஸ்டியரிங்க விட்டு இன்னும் எந்திரிக்கல்ல."

"செல்சியா எங்க?"

"உள்ள. சத்தம் போடுதா. நான் எப்பிடி மாமா இத விட்டுட்டு..."

இன்னாசியும் அமலோற்பவமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த ஸ்டியரிங்கையும் அங்கே மனைவிதான் வைக்கச் சொல்லியிருப்பாள் என்று இருவருக்கும் தெரிந்துவிட்டது.

"மாப்ள," என்றார் இன்னாசி, "அது கெடக்கட்டும். எந்திரிங்க. போயி அவ கையப் பிடிங்க."

"வீடு உருண்டுட்டுன்னா?"

"உருளாது. நாஞ் சொல்லுதேன்லா."

அங்கே நாற்காலி கிரீச்சிடும் ஒலியும் ஓடும் காலடியும் கேட்டன. அமலோற்பவம் துணி மூட்டையை எடுத்துவைக்கப் பின்னறைக்குப் போனாள்.

இன்னாசி தன் கைகளை மடியில் வைத்துக்கொண்டார். சற்று நேரம் அவை அங்கேயே இருந்தன. முன்னால் ஒரு பெரிய பள்ளம் தெரிந்தது. அவர் எட்டி ஸ்டியரிங்கைப் பிடித்து, கவனமாக இடப்பக்கம் திருப்பினார்.

வீடு, அவர் திருப்பும்வரை பொறுத்திருந்துவிட்டு, இடப்பக்கம் திரும்பியது.