கூண்டுப் பத்திரிகையின் கடைசித் தாள்

காலையில் உப்புநீர் வந்தது. முகம் கழுவினார்கள். அப்புறம் பத்துப் பேருக்கு ஒரு வாளி காப்பி. சுற்றி உட்கார்ந்து பிஸ்கட்டை அதில் முக்கித் தின்றார்கள். பாரீஸ் கிளர்ச்சிக்காரர்களைத் தொலைதூரத் தீவான நியூ கலிடோனியாவுக்கு நாடு கடத்தும் அந்தக் கப்பலில் எல்லாக் காலையும் இப்படித்தான்.

அன்று ஒரு வாளியில் ஒன்பது பேர்தான். செருப்புத் தைக்கும் கஸ்தோன் கூண்டுக் கம்பியோரம் தனியாக இருந்தான்.

சில்வேன், மூத்த கைதியான பெர்த்தலோவிடம் ஓடி வந்தான். கைதிகள் கையால் எழுதி நடத்திய பத்திரிகையை எழுதுபவன் சில்வேன்தான். ஒரே பிரதி. ஆண்கள் கூண்டுகளைச் சுற்றிவிட்டு, கடைசியில் நடைபாதைக்கு அப்பால் உள்ள பெண்கள் கூண்டுக்குப் போகும்.

"அண்ணே, கடைசித் தாளக் காணோம். கேப்டனக் கிண்டல் பண்ணி நான் பாட்டு எழுதின தாளு. பத்திரிகை கடைசியா கஸ்தோன் கையிலதான் இருந்துச்சு. காட்டிக்குடுக்கிற பய! இனி அவன் நம்ம வாளியில கை வைக்கக் கூடாதுன்னு முடிவாயிடுச்சு."

"பாட்டு நல்லா இருந்துச்சா?"

"அண்ணே!"

"சரி, சரி. தாளோட பின்பக்கம் என்ன?"

"செஸ் போட்டி. சோப்புக்குப் புகையிலை மாத்திக்கிறது. அப்புறம்..." சில்வேன் குரலைத் தாழ்த்தினான். "கப்பல் ஆஸ்பத்திரியில ரெமி செத்த சேதி." இறந்தவர்களைப் பற்றி அங்கே யாரும் உரக்கப் பேசுவதில்லை.

பெர்த்தலோ பாரீசில் விசாரணை நீதிபதியிடம் வேலை பார்த்தவர். பத்திரிகையைப் புரட்டினார். பழைய தையல் பிரிக்கப்பட்டு, செருப்புத் தைக்கும் மெழுகு நூலால் மறுபடி தைக்கப்பட்டிருந்தது. கஸ்தோனிடம் போனார்.

"ஏம்ப்பா எடுத்தே?"

"எனக்கு வாளியில பங்கு இல்லன்னா வேணாம். விடுங்க" என்றான் கஸ்தோன்.

பெர்த்தலோ எல்லாரையும் அழைத்தார். வெகுநாள் கழித்து அவர் பேச்சை ஒரு கூட்டம் கேட்டது. குரல் தானாக ஏறியது.

"காட்டிக்குடுக்கிறவன் கிழிப்பான். மறுபடி உக்காந்து தைப்பானா? பாட்டு வந்து ரெண்டு நாளாச்சு, சில்வேனுக்கு விலங்கு விழுந்துச்சா?"

கஸ்தோன் கையை ஆட்டினான். கெஞ்சுகிறான் என்று பெர்த்தலோ நினைத்தார்.

"ஆம்பளைங்க எல்லாரும் படிச்சாச்சு. படிக்காதது பொம்பளைங்க மட்டும். அப்போ தாளத் திருப்பிப் பாருங்க! ரெமியோட சாவு. கப்பல் ஏறும்போது ரெமி கையிலேர்ந்து அவன் பொண்டாட்டி ஒதிலப் பிரிச்சு இழுத்தாங்க, நான் பார்த்தேன். பதிவு பண்ணாத கல்யாணம், அதிகாரிங்க அவளுக்குச் சொல்ல மாட்டாங்க. அவளும் காய்ச்சல்ல கிடக்கா. தேறுற வரைக்கும் தெரியக் கூடாதுன்னு இவன் எடுத்திருக்கான்!"

"மெதுவா, அண்ணே" என்றான் கஸ்தோன்.

நடைபாதைக்கு அப்பால் பெண்களின் பேச்சு நின்றிருந்தது.

வாளியைச் சுற்றியிருந்தவர்கள் நகர்ந்து கஸ்தோனுக்கு இடம் விட்டார்கள். அவன் வரவில்லை. பெர்த்தலோவால் தலை நிமிர முடியவில்லை. நிமிர்ந்தபோது, போர்வையைப் போர்த்திக்கொண்டு ஒதில் எதிர்க் கம்பியைப் பிடித்து நின்றிருந்தாள்.

"என்னைக்கு?"

அவள் அவரைத்தான் பார்த்தாள். கஸ்தோன்தான் சொன்னான்.

"செவ்வாக்கெழம. சாயங்காலம்."

"அன்னைக்கு நான் பாடிக்கிட்டு இருந்தேனே" என்றாள்.