இருபத்துமூன்றாம் தொகுதிக்குப் பிறகு

"அம்மா, எனக்கு ஆழ்நிலையத்துல வேல கெடச்சிருச்சு. கடலுக்கடியில. நாலு வருசம் அங்கயே இருக்கோணும்" என்றாள் செவ்வந்தி.

ரம்யா வாசிப்புத் தகட்டிலிருந்து தலையைத் தூக்கி மகளைப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"மழை பெய்யுது கண்ணு! அப்ப நீ சொன்னது கதையில வருது!"

செவ்வந்திக்கு அப்போதே எரிச்சல் தொடங்கிவிட்டது.

ரம்யாவின் காதிலும் கண்ணிலும் கசிவுத்தடுப்பி இருந்தது. வெங்காயத் தோலைவிட மெல்லிய படலம். தொடர்நாவல் படிக்கிறவர் எத்தனையாவது தொகுதியில், எந்தப் பக்கத்தில் இருக்கிறார் என்பது அதற்குத் தெரியும். இனி வரப்போகும் கதையை யாராவது உளறினால் அந்தப் பேச்சை மட்டும் பிடித்து நிறுத்திவைத்துக்கொண்டு, காதுக்குள் மழைச்சத்தத்தை விடும். எழுத்தாக வந்தால் மூட்டம் போடும். வாசகர் உரிய பக்கத்தைத் தாண்டிய பிறகு, நிறுத்திவைத்ததை ஒன்றுவிடாமல் வரிசையாகக் கேட்க வைக்கும். நடுவில் படலத்தைக் கழற்றினால் மட்டும் சேர்த்துவைத்ததெல்லாம் அழிந்துபோகும்.

முப்பது, நாற்பது தொகுதி ஓடும் தொடர்களை ஊரே விழுந்து விழுந்து படித்துக்கொண்டிருந்த காலம் அது. ஈரோட்டில் அவர்கள் இருந்த குடியிருப்பில் படலம் ஒட்டாத காது அபூர்வம். ரம்யா படித்துக்கொண்டிருந்தது 'உப்பாற்று வம்சம்', முப்பத்தொரு தொகுதி. பதினான்காவதில் இருந்தாள்.

"அம்மா, இது கதையில்ல. என்ற வாழ்க்க. அதக் கழட்டிட்டு ஒரு நிமிசம் கேளு."

"கழட்டுனா நீ இப்பச் சொன்னது அழிஞ்சு போயிருமே!"

"அதான் மறுபடியும் சொல்றேங்கறனே!"

"அவசரமான சங்கதின்னா அது கேக்க வுட்டிருக்கும் சாமி. மழை பெஞ்சா அது கதைதான். வேற ஒண்ணுமில்ல." ரம்யா மறுபடி தகட்டுக்குள் போய்விட்டாள்.

ஊரில் எல்லாரும் அப்படித்தான் நம்பினார்கள். காதில் விழாதது கதை, விழுந்தது வாழ்க்கை. முப்பது வருடம் வங்கியில் மேலாளராக இருந்து, வந்தவர் போனவரையெல்லாம் துருவித் துருவிக் கேள்வி கேட்ட ரம்யாவும் அதை நம்பினாள் என்பதைத்தான் செவ்வந்தியால் தாங்க முடியவில்லை.

அவள் சொல்லிப் பார்க்காத விதமில்லை. காகிதத்தில் எழுதிக் காட்டினாள். ரம்யா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டுக் கிருபாகரனைச் சொல்லச் சொன்னாள். அவரும் அதே தொடரில் பதினெட்டாவது தொகுதியில் இருந்ததால் அவள் கேட்டதே அவருக்கு மழையாகத்தான் விழுந்தது. கூடத்தின் நடுவில் பெட்டியை விரித்துப்போட்டுத் துணி அடுக்கினாள்.

"என்ன அங்க ஒரே மூட்டமா இருக்குது? ஜன்னலச் சாத்து கண்ணு, பனி உள்ள வருது" என்றாள் ரம்யா. சித்திரை மாத வெயில் வெளியே கொளுத்திக்கொண்டிருந்தது.

கடைசியில் செவ்வந்தி கசிவுத்தடுப்பி நிறுவனத்தின் உதவிப் பிரிவை அழைத்தாள். பேசிய பெண் மிகவும் பணிவாக இருந்தாள். பணிவு எரிச்சலைக் கூட்டியது.

"மேடம், நீங்க சொல்ற விஷயமும் கதையில வர்ற ஒரு கட்டமும் ரொம்ப ஒத்துப்போகுது. அதான் நிறுத்துது."

"என்ன கட்டம் அது?"

"அதச் சொன்னா உங்களுக்குக் கசிஞ்சிருமே மேடம்."

"நான் அந்தக் கதையப் படிக்கவே இல்லீங்க!"

"இனிமேப் படிக்கலாம் இல்லையா? இருபத்திமூணாம் தொகுதி முடிஞ்சா உங்க அம்மாவுக்குத் தானாக் கேட்டுரும். இந்த நம்பரக்கூட நான் சொல்லியிருக்கக் கூடாது."

செவ்வந்தி நேராக அம்மாவிடம் போனாள். "பதினாலுல இருந்து இருவத்திமூணுக்குத் தாண்டிப் போ. அது ஒண்ண மட்டும் படி. எனக்காக."

அம்மாவின் முகத்தில் அப்படியொரு அருவருப்பை அவள் பார்த்ததேயில்லை. "தாண்டறதா? அதுக்கு நான் படிக்காமயே இருந்துக்குவேன். அதுவுமில்லாம பதினாறுக்கும் பதினேழுக்கும் நடுவுல முன்கதை ரெண்டு தொகுதி வந்திருக்குது. அதையும் படிச்சாத்தான் முற."

புறப்பட மூன்று மாதம் இருந்தது. செவ்வந்தி சமையலை எடுத்துக்கொண்டாள். துணி, பாத்திரம், கடைகண்ணி எல்லாம் அவள்தான். அம்மா படித்தால் போதும். யாராவது வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே பேசி அனுப்பினாள். 'அப்பாடி, இப்பத்தான் எம்பொண்ணுக்குப் படிப்போட அரும தெரியுது' என்று ரம்யா எதிர்வீடுகளில் பெருமையடித்தாள்.

இடையில் செவ்வந்திக்கு இன்னொரு யோசனை வந்தது. கதையில் அந்தக் கட்டம் எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால், அதில் இல்லாத மாதிரி ஏதாவது சுற்றி வளைத்துச் சொல்லிவிடலாமே? நூலகத்திலிருந்து தொடரை இறக்கினாள். படலம் ஒட்டிக்கொள்ளாமல் நூல் திறக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஒட்டிக்கொண்டாள். இருபத்துமூன்றைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே பதினோரு பேர். யார் யாருக்குக் கொழுந்தன், யார் யாருக்குப் பங்காளி என்று தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மூடிவிட்டு முதல் தொகுதியிலிருந்து ஆரம்பித்தாள். சும்மா புரட்டிப் பார்க்கத்தான்.

மூன்றாவது தொகுதியில் இரண்டு தடவை குழம்பைத் தீயவிட்டாள்.

புறப்படும் நாளில் ரம்யா இருபத்துமூன்றின் நடுப்பகுதியில் இருந்தாள். செவ்வந்தி அவள் முன்னால் நின்று கத்தினாள். "நாலு வருசம்மா! நாலு வருசம் உன்னப் பாக்க மாட்டேன்! உன்ற காதுல ஏறுதா இல்லியா?"

ரம்யா கைநீட்டி மகளின் கன்னத்தைத் தட்டினாள். "நல்ல மழை."

"தூத்துக்குடிக்குப் போறேன்" என்றாள் செவ்வந்தி, குரல் இறங்கி. அது கதையில் இல்லை போலும். கேட்டுவிட்டது.

"பாத்துப் போய்ட்டு வா. வரும்போது நல்ல கருவாடாப் பாத்து வாங்கிட்டு வா."

துறைமுகத்தில், ஆழ்நிலையத்துக்குப் போகும் இறங்குகலத்தின் கதவை மூடுவதற்குச் சற்றுமுன் கையிலிருந்த திரை ஒளிர்ந்தது. அம்மா. கண்கள் வீங்கியிருந்தன, தலை கலைந்திருந்தது.

"முடிச்சுட்டேன் கண்ணு. எல்லாத்தையும் இப்பத்தான் கேட்டேன். நீ மொதமொதல்ல சிரிச்சுட்டுச் சொன்னது, அப்புறம் கெஞ்சுனது, கடைசியா முன்னால நின்னு கத்துனது. வரிசையா வுட்டுது. மூணு மாசத்த ஒரே மூச்சுல." அவள் மூக்கை உறிஞ்சினாள். "எம்பொண்ணு எத்தன தடவ சொல்லியிருக்கா…"

"பரவால்லம்மா." செவ்வந்திக்கு அத்தனை நாள் எரிச்சலும் எங்கே போனதென்று தெரியவில்லை. "இப்பவாவது கேட்டியே, அது போதும். நான் போகட்டுமா? நீ என்ன சொல்றே?"

ரம்யா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு பேசத் தொடங்கினாள்.

செவ்வந்தியின் காதில் மழை பெய்தது.

திரையில் அம்மாவின் வாயை வெள்ளை மூட்டம் மறைத்தது. கண்கள் மட்டும் தெரிந்தன. அழுகிறாளா, வாழ்த்துகிறாளா, திட்டுகிறாளா? நீண்ட நேரம் பேசினாள். 'அம்மா, இரு, இரு' என்று செவ்வந்தி கத்தியது, இறங்குகலத்தின் கதவு மூடும் இரைச்சலில் அமுங்கியது. திரை அணைந்தது. கீழே போய்விட்டால் கரையோடு பேச ஆறு மாதம் ஆகும்.

பக்கத்து இருக்கையில் ரூபன். அவளோடு வேலைக்குத் தேர்வான பொறியாளன், கோவில்பட்டிக்காரன். நடந்ததைக் கேட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டான்.

"உங்க அம்மா சொன்னது அதுக்குள்ளதான இருக்கு? இருவத்திமூணு முடிஞ்சாக் கேட்டுரும்லா."

"நான் இப்பத்தான் ஒம்போது முடிச்சிருக்கறேன்."

"அதுக்கென்ன, நேரா இருவத்திமூணத் தொறந்து மளமளன்னு தள்ளுங்க. ஒரு ராத்திரில முடிஞ்சிரும். பெத்த அம்மா பேசுனதுங்க!"

செவ்வந்தி தகட்டை எடுத்து மடியில் வைத்தாள். திரும்பி அவனைப் பார்த்த பார்வையில் உண்மையான கோபம் இருந்தது.

"ஒம்போது முடியறப்ப மருமகன் சிங்காரத்த வெள்ளம் அடிச்சுட்டுப் போயிருச்சு. அவன் உசுரோட இருக்கறானா இல்லியான்னு தெரியாம எப்புடீங்க தாண்டிப் போறது?" என்று கேட்டுவிட்டுப் பத்தாம் தொகுதியைத் திறந்தாள்.