வாசலோடு விசாரிப்பு

சுடலைவடிவு அன்றும் காலைக் கஞ்சியைத் தொடவில்லை.

"எம் மவளத் தெருவோட அனுப்புனவ கையால எனக்கு ஒண்ணும் வேண்டாம்."

மருமகள் முத்துராணி டம்ளரை மூடி வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

குடலில் ஓட்டை விழுந்து, பாளையங்கோட்டையில் வயிற்றைத் திறந்து தைத்து, மாமியாரைச் சீவலப்பேரிக்குக் கூட்டிவந்து எட்டு நாள். அனுப்பும்போது டாக்டர் முத்துராணியிடம்தான் சொன்னார். வயிற்றைத் திறந்தால் உடம்பின் எதிர்ப்புச் சக்தியும் கொஞ்ச நாள் படுத்துவிடும். இந்த வயதில் அடுத்தவர் சளி ஒட்டினாலே நெஞ்சில் கட்டிவிடும். ஒரு மாதம் யாரையும் அண்ட விடாதே.

ஊர் கேட்குமா? டவுன் பஸ்ஸுக்கு ஒரு கூட்டம் இறங்கியது, ஹார்லிக்ஸும் சாத்துக்குடியுமாக. எல்லோரையும் முத்துராணி வாசலோடு அனுப்பினாள். மூக்கொழுகும் பிள்ளையோடு வந்த நாத்தனார் பாக்கியவதியையும். பெற்றவளைப் பார்க்க இவளிடம் சீட்டு வாங்கணுமா என்று அவள் தெருவில் நின்று அழுதாள். டாக்டர் சொன்னார் என்றால், சாக்கு என்றார்கள். கணவன் இசக்கிமுருகன் முகம் கொடுத்துப் பேசி இரண்டு நாளாயிற்று.

மதியம் முத்துராணியின் அம்மா வந்தாள். மணிமுத்தாற்றிலிருந்து மூன்று பஸ் மாறி, ஒரு வருடம் கழித்து. வாய் திறக்குமுன் இருமினாள்.

முத்துராணியின் கால் படியிலேயே நின்றுவிட்டது.

"அம்மா, அங்கனயே நில்லு. ஒன் இருமல் எனக்கு ஒட்டுனா, அத்தைக்கும் ஒட்டிரும்…"

அம்மா முறுக்குப் பையைக் கீழே வைத்துவிட்டு, வந்த பஸ்ஸிலேயே திரும்பினாள். பஸ் மறையும்வரை நின்று, முகத்தைத் துடைத்துக்கொண்டு முத்துராணி உள்ளே போனாள்.

சுடலைவடிவு ஜன்னல் கம்பியைப் பிடித்து உட்கார்ந்திருந்தாள்.

"ஏட்டி, பெத்தவளயுமா அனுப்பிட்ட?"

"ஆமா அத்தை."

"நான் ஒன்னய என்னெல்லாம் பேசிட்டேன்…"

மருமகளின் தலையை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள். இருவரும் அழுதார்கள். அழுதால் தையல் வலிக்கிறது என்று சுடலைவடிவு சிரித்தாள். சிரித்தபோது இன்னும் வலித்தது.

மறுநாள் பாக்கியவதி அண்ணனை அழைத்துக்கொண்டு நியாயம் கேட்க வந்தாள். முத்துராணி வாசலுக்குப் போகுமுன் ஜன்னலிலிருந்து குரல் கிளம்பியது.

"அங்கனயே நில்லுட்டி. பிள்ளைக்கு மூக்கு ஒழுகுது. எம் மருமவ சொன்னாத்தான் உள்ள. ஏலே இசக்கி, அவளுக்குப் பரிஞ்சு வந்தியோ, நீயும் தெருவுலதான்."

பாக்கியவதி திகைத்துப்போனாள். பிறகு சிரிப்பில் அவள் உதடு கோணியது.

"மைனி, அம்மா தெம்பாத்தான் இருக்கா போல?"

"சத்தத்தக் கேட்டாத் தெரியலையா?" என்றாள் முத்துராணி.