அழிக்காதே!

ட்ர்ர்ர்... ட்ர்ர்ர்...

போன் அலறியபோது நமிகோ துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

வெளியே ஜப்பானின் ஜூன் மாத மழை. நான்காவது நாளாக! துணியெல்லாம் வீட்டுக்குள்ளேயே காய்ந்து ஒரு வாடை அடித்தது. அந்த வாடைக்கு நடுவில் ஒரு மேஜை. மேஜையின் மேல் கம்ப்யூட்டர், பழைய வீடியோ டெக், சின்ன டிவி, லென்ஸ் மூடி போட்ட ஒரு கைக் கேமரா.

டெக்கில் ஒரு டேப் ஓடிக்கொண்டிருந்தது. ஓடும் படம் அப்படியே கம்ப்யூட்டரில் ஏறிக்கொண்டிருந்தது.

நமிகோவின் பிழைப்பே அதுதான். யார் வீட்டிலோ எப்போதோ டிவியிலிருந்து பதிவு செய்து வைத்த டேப்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, டிஸ்க்காகத் தருவாள். இதில் அவசரம் செல்லாது. அரைமணி நேர டேப் ஏற அரைமணி நேரம்தான் ஆகும். தலைகீழாக நின்றாலும் ஒரு நிமிஷம் குறையாது!

போனை எடுத்தாள்.

"டோக்குடா நமிகோ சானா?" பேரோடு மரியாதைக்குச் 'சான்' சேர்த்துக் கேட்ட ஆண் குரல். சர்க்கரைப் பாகில் தோய்த்த குரல். "நான் கசாமா. பல் டாக்டர். நேத்து எங்க தங்கச்சி ஃபுசாயே உங்ககிட்ட பதினோரு டேப் கொடுத்தாளே..."

"ஆமா டாக்டர், சொல்லுங்க."

"அதுல ஏழாம் நம்பர் டேப்பை மட்டும் தொடாதீங்க."

"ஐயய்யோ... அதுதான் இப்ப ஓடிட்டிருக்கு!"



"எவ்வளவு ஓடியிருக்கு?"

"இருபது நிமிஷம்."

"அப்படியா... பரவாயில்ல. நான் கீழதான் நிக்கறேன்."

அழைப்பு மணி அடித்தது.

*

கசாமாவுக்கு ஐம்பத்தைந்து வயது. சாம்பல் நிற சூட். ஈரக் குடையை அழகாக மடித்து வைத்தார். ஷூவைக் கழற்றி, மூக்கு வாசல் பக்கம் பார்க்கத் திருப்பி வைத்தார். தொந்தரவுக்கு இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டார்.

பிறகு கதவின் சங்கிலியை மாட்டினார்.

நமிகோ சங்கிலியைப் பார்த்தாள்.

"காத்துல கதவு அடிச்சுக்குது பாருங்க..." சிரித்தார். பையிலிருந்து மெல்லிய ரப்பர் கையுறைகளை எடுத்து மாட்டிக்கொண்டார். "பழைய டேப் தூசி எனக்கு ஒத்துக்காது. உங்க செல்போனைக் கொடுங்க. வேலை முடியற வரைக்கும் என்கிட்டேயே இருக்கட்டும்."

கேட்ட தோரணையில் அவள் கை தானாகவே நீண்டுவிட்டது. போன் அவர் கோட்டுப் பைக்குள் போனது.

டிவியில் ஒரு கிழவர் உருகி உருகிப் பாடிக்கொண்டிருந்தார். பதின்மூன்று வருஷத்துக்கு முந்தைய பாட்டுப் போட்டி. அன்று நாடு முழுக்க நேரடியாக ஒளிபரப்பானது.

"நிறுத்துங்க. ஏத்தினதை அழிங்க."

"ஃபுசாயே சான் ஞாயித்துக்கிழமை உங்கம்மாவோட நாப்பத்தொன்பதாம் நாள் காரியத்துல இதைப் போட்டுக் காட்டணும்னு..."

"தெரியும். சொந்தக்காரங்க முப்பது பேர் முன்னாடி! அதனாலதான் வந்திருக்கேன். தள்ளுங்க, நானே அழிக்கறேன்."

மவுஸை அவர் பிடித்த அதே விநாடி...

பிலோங்... பிலோங்!

டிவியில் மணிச் சத்தம். பாடும் கிழவரின் தலைக்கு மேல் வெள்ளை எழுத்துகள் வரிசையாக ஓடின.

'கனமழை எச்சரிக்கை... ஹியோகோ மாவட்டம் தென்பகுதி... கோபே... ஆஷியா...'

நமிகோ சட்டென்று குனிந்து ஒரு துண்டை மடிக்க ஆரம்பித்தாள். பயம்... வெறும் பயம்!

நேற்று ஃபுசாயே டேப்பைத் தந்தபோது பெருமையாகச் சொன்னது ஞாபகம் வந்துவிட்டது.

'எங்க அண்ணி கோபே வீட்டுல குளியல் தொட்டியில மூழ்கிச் செத்துப்போன அன்னிக்கு, அண்ணா முன்னூறு கிலோமீட்டர் தள்ளி கனசாவாவுல அம்மா பக்கத்துல உட்கார்ந்திருந்தான். அம்மா டிவியில இந்தப் போட்டியைப் பதிவு பண்ணிட்டிருந்தான். போலீஸ்கூட முதல் பத்து நிமிஷம் பாத்துட்டு, சரிதான்னு போயிடுச்சு!'

கனசாவாவில் பதிவு செய்திருந்தால் கனசாவாவின் மழை அல்லவா ஓடியிருக்க வேண்டும்? கோபேயின் மழை எச்சரிக்கை கோபே பக்கத்து வீடுகளில் மட்டும்தானே வரும்!

ஆக, இந்த டேப் கோபேயில் பதிவானது.

இந்த மனுஷனும் அப்போது கோபேயில்தான் இருந்திருக்கிறான்!

"டிவி சத்தம் எதுக்கு?" கசாமா ரிமோட்டை எடுத்து ஒலியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோனார். "இந்த வீட்டுச் சுவரெல்லாம் அட்டை மாதிரி. பக்கத்து வீட்டுக்காரங்களுக்குத் தொந்தரவு!"

கம்ப்யூட்டரில் ஏறியதை அழித்தார். குப்பைத் தொட்டிக்குள் போனதையும் தேடிப்பிடித்து அழித்தார்.

"டேப்பை எடுத்துட்டுப் போயிடுங்களேன் டாக்டர்..." அவளுக்கு இவன் போனால் போதும் என்றிருந்தது.

"பத்துதான் திரும்பி வந்துச்சுன்னா ஃபுசாயே விடுவாளா? குடைஞ்சு எடுத்துடுவா. டேப் அவ கைக்குப் போகணும். ஆனா வெறுமையா போகணும். பழசு, பூஞ்சை பிடிச்சுப் போச்சுன்னு நீங்க சொல்லணும்."

டேப்பை முதலுக்குச் சுற்றிவிட்டு, பதிவு பட்டனை அழுத்தினார்.

கடக்! டெக் டேப்பை வெளியே துப்பியது.

மறுபடி தள்ளினார். மறுபடி துப்பியது.

"என்ன கோளாறு?"

"கோளாறு இல்ல டாக்டர்." நமிகோ டேப்பின் முதுகைக் காட்டினாள். "இங்க ஒரு சின்ன பிளாஸ்டிக் பல் இருக்கணும். அதை உடைச்சுட்டா மேல எதுவும் பதிய முடியாது. உங்கம்மா பல்லைப் பிடுங்கிட்டாங்க."

அப்போதுதான் அவர் லேபிளைப் பார்த்தார். கிழவியின் நடுங்கும் கையெழுத்து. '1999, ஜூலை 8. அழிக்காதே!'

எந்த வீட்டு டேப்பிலும் பார்க்கலாம் அந்த வார்த்தையை. அப்பாவின் பேஸ்பால் மேட்சை மகன் அழித்துவிடாமல் இருக்க எழுதுவது. இங்கே ஒரு தாய் எழுதியிருந்தாள்... தன் மகனுக்குத்தான்!

"எரிச்சுட்டேன்னு என்கிட்ட சொன்னாளே..." கசாமாவின் குரலில் சர்க்கரை கரைந்துபோயிருந்தது. "பூஜை மாடத்து இழுப்பறையில ஒளிச்சு வெச்சிருக்கா, கிழவி!"

நிமிர்ந்தார்.

"இதுக்கு வழி?"

"ஓட்டை மேல செலோடேப் ஒட்டினா போதும்."

"ஒட்டுங்க. அப்புறம்? இப்பத்தான் அந்தக் காலத்து டிவி அலையே இல்லையே. எதைப் பதிவு பண்றது?"

நமிகோ மேஜை மேலிருந்த கைக் கேமராவைப் பார்த்தாள்.

"இதை டெக்குல இணைச்சா கறுப்பா பதிவாகும். லென்ஸ் மூடி போட்டிருக்கு பாருங்க. பாக்கறவங்களுக்கு வெத்து டேப் மாதிரியே இருக்கும்."

"கெட்டிக்காரி!"

இணைத்தாள். டெக்கில் சிவப்புப் புள்ளி எரிந்தது. டிவித் திரை கறுத்தது.

"எவ்வளவு நேரம்?"

"நிகழ்ச்சி அரைமணி. அழியறதுக்கும் அரைமணி. இதுல குறுக்கு வழி கிடையாது டாக்டர்."

கசாமா நாற்காலியைக் கதவுப் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

*

ஐந்து நிமிஷம்.

மழைச் சத்தம் மட்டும். நமிகோ மடித்த துணியையே பிரித்து மறுபடி மடித்தாள்.

"நமிகோ சான்."

"சொல்லுங்க டாக்டர்..."

"டிவியில பிலோங்னு சத்தம் வந்துச்சே. அந்தச் சத்தம் கேட்டா இந்த ஊர்ல கைக்குழந்தைகூடத் திரும்பி டிவியைப் பாக்கும். நிலநடுக்கமோ, புயலோன்னு." லேசாக முன்னால் சாய்ந்தார். "நீ மட்டும் துண்டைப் பாத்தே!"

'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது.

நமிகோ கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"பாத்துட்டே. இல்ல?"

மழுப்பலாமா? பலன் இல்லை. அவள் மெல்லத் தலையசைத்தாள்.

"வாயைத் திறந்து சொல்லு."

"பாத்தேன்... கோபே மழை. அப்ப நீங்க கனசாவாவுல இல்ல."

"சமத்து!" கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்து இழுத்து விட்டார். பட்... பட்... "கோபே வீட்டுல டெக் பாட்டுப் போட்டியைப் பதிவு பண்ணிட்டிருந்துச்சு. நான் பாத்ரூம்ல என் பொண்டாட்டி ஷிகேமியோட தலையைத் தண்ணிக்குள்ள அழுத்திட்டிருந்தேன். நாலு நிமிஷம்தான். சாயங்காலம் டேப்பை எடுத்துக்கிட்டு அம்மா வீட்டுக்குக் கார்ல போனேன். காலையிலேயே வந்துட்டான்னு அம்மா போலீஸ்ல சொன்னா. அப்புறம் ஒருநாள் உட்கார்ந்து முழுசாப் பாத்திருக்கா போல..."

"ஏன்... ஏன் அவங்களை..."

"கிளினிக் அவ அப்பன் பணத்துல கட்டினது. விவாகரத்து கேட்டா. போதுமா?"

"என்னையும் கொல்லப் போறீங்களா?"

கேட்டேவிட்டாள்! அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கசாமா சிரித்தார். "சேச்சே! நீ செத்தா போலீஸ் வரும். டேப்பைத் தேடும். கொலைக்குக் காலாவதியே கிடையாதுன்னு சட்டத்தை வேற மாத்தித் தொலைச்சிட்டாங்க. நீ உயிரோட இருக்கணும். 'பூஞ்சை'ன்னு சொல்லணும். உன் பொண்ணு மதோகா... அமகாசாகி ஸ்டேஷன் பக்கத்துல கேக் கடையிலதானே வேலை? காலையில ஒரு கேக் வாங்கினேன். சிரிச்ச முகம். பல்வரிசை பிரமாதம்!"

நமிகோ கைகூப்பினாள்.

"அவளை விட்டுடுங்க டாக்டர்... கும்பிட்டுக் கேக்கறேன்! நான் வாயே திறக்க மாட்டேன்."

"திறந்தாலும் யார் நம்புவா? ஆதாரம் இதோ, உன் கண்ணு முன்னாலயே அழிஞ்சுட்டிருக்கு."

அரைமணி நேரம் முடிந்தது. கசாமா எழுந்து, டேப்பைத் திருப்பிச் சுற்றி ஓட்டிப் பார்த்தார். கறுப்பு. கொஞ்சம் தள்ளிப் பார்த்தார். கறுப்பு. இன்னும் தள்ளினார். கறுப்போ கறுப்பு!

ரிமோட்டின் மேல் அவர் கட்டை விரல் இங்கும் அங்கும் அலைந்தது. நமிகோ அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அருமை!" ரிமோட்டை மேஜையில் வைத்தார். அவள் போனைத் திருப்பித் தந்தார். "மணி ரெண்டரை. நாலரைக்கு ஃபுசாயேவோட நானே வரேன். நீ சொல்றதை என் காதால கேக்கணும். மதோகாவை ஞாபகம் வெச்சுக்க."

போகும்போதும் தொந்தரவுக்கு மன்னிப்புக் கேட்டார்!

*

நாலரை மணி.

ஃபுசாயே கால் மடக்கி உட்கார்ந்து கைக்குட்டையைப் பிசைந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் கசாமா. முகத்தில் அளவாக ஒரு சோகம், கையில் அதே கையுறை.

"பூஞ்சைங்க..." நமிகோ தரையைப் பார்த்தபடி சொன்னாள். "ஏழாம் நம்பர் மட்டும் தேறல. மன்னிச்சுடுங்க."

"ஐயோ! அம்மா உசுரையே வெச்சிருந்த டேப்பாச்சே!" ஃபுசாயே பொலபொலவென்று அழுதாள். "ஒரே ஒரு தடவை போட்டுக் காட்டுங்களேன்... ஒரு ஓரத்துலயாவது ஏதாவது தெரியாதா?"

நமிகோ கசாமாவைப் பார்த்தாள்.

அவர் பெருந்தன்மையாகக் கையசைத்தார். "போட்டுக் காட்டுங்க நமிகோ சான். அவ மனசு ஆறட்டும்."

டேப் உள்ளே போனது. திரை கறுத்தது.

"ஒண்ணுமே இல்லையே..." ஃபுசாயே விசும்பினாள்.

"படம் இல்லைங்க." நமிகோ ரிமோட்டை எடுத்தாள். "சத்தம் இருக்கான்னு பாக்கலாம்."

ஒலியை ஏற்றினாள். மழைச் சத்தம். நாற்காலி இழுபடும் சத்தம். டேப்பைக் கொஞ்சம் தள்ளி ஓட்டினாள். அப்புறம்...

'நமிகோ சான்...' 'சொல்லுங்க டாக்டர்...'

கசாமாவின் முகம் வெளுத்தது.

"லென்ஸுக்குத்தான் மூடி டாக்டர்," என்றாள் நமிகோ. "கேமராவோட மைக்குக்கு மூடி கிடையாது. டிவி சத்தத்தை நீங்களே குறைச்சு வெச்சதால உங்களுக்குக் கேக்கல!"

'...ஷிகேமியோட தலையைத் தண்ணிக்குள்ள அழுத்திட்டிருந்தேன். நாலு நிமிஷம்தான்...'

"அண்ணா...!" ஃபுசாயே வீறிட்டாள்.

கசாமா டெக்கின் மேல் பாய்ந்தார். பாதி வழியில் பின்கழுத்தை ஒரு கை பற்றியது.

படுக்கை அடுக்கும் அலமாரியின் கதவு திறந்திருந்தது. உள்ளேயிருந்து வந்த இன்ஸ்பெக்டர் செனோவின் தலைமுடியெல்லாம் மெத்தைப் பஞ்சு. அவர் பின்னால் இன்னும் இரண்டு பேர்.

"ரெண்டரைக்கு நீங்க போனீங்க. ரெண்டு முப்பத்தஞ்சுக்கு இந்தம்மா கம்ப்யூட்டர்ல ஏத்த ஆரம்பிச்சாங்க. அரைமணி டேப்புக்கு அரைமணி! மூணரைக்கு டிஸ்க் எங்க மேஜையில. கேக் கடையிலயும் எங்க ஆளுங்க ரெண்டு பேர் நிக்கறாங்க. நாலு கேக் தின்னாச்சாம்." செனோ தும்மினார். "தூசி எனக்கும் ஒத்துக்காது டாக்டர். அந்தக் கையுறையைக் கழட்டுங்க, வேற மாட்டறோம்."

கைவிலங்கு க்ளிக் என்றது.

டிவியில் அவர் குரல் நிற்காமல் பேசிக்கொண்டே இருந்தது.

"நிறுத்து!" கசாமா கத்தினார். "அதை அழி! அழிச்சுத் தொலை!"

நமிகோ டேப்பை வெளியே எடுத்தாள். முதுகில் ஒட்டியிருந்த செலோடேப்பை நகத்தால் நிதானமாக உரித்தெடுத்தாள். பிறகு லேபிளை அவர் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"மன்னிச்சுக்குங்க டாக்டர்... உங்கம்மா என்ன எழுதியிருக்காங்கன்னு பாருங்க. பெரியவங்க பேச்சை நீங்க மீறலாம், நான் மீற முடியுமா?"