முடக்கி வைத்த சாவி

அக்காவின் சாவியை நேற்று ராத்திரி யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். அக்கா இறந்து நான்கு மாதம் ஆகிறது.

சித்தி கண்ணைக் கசக்கிக்கொண்டு மடிக்கணினியை மறுபடி பார்த்தாள். அக்கா மகள் வாண்டு கூப்பிட்டுக் கூப்பிட்டு வீட்டில் எல்லோருக்குமே அவள் சித்தியாகிவிட்டாள். அவள் பிழைப்பே இந்தச் சாவிகள்தான். கம்பெனிகள் கிளவுடில், அந்த இணையக் கிடங்கில், பூட்டி வைக்கும் கோப்புகளைத் திறக்கிற, கைக்கு அகப்படாத எண் சாவிகள். எது கடைசியாக எப்போது பயன்பட்டது என்று பார்த்து, சும்மா தூங்குவதைக் கழித்துக் கட்டுவாள். அப்படித்தான் இன்று அக்காவின் சாவியையும் கழிக்க உட்கார்ந்தாள்.

அதைச் செய்து கொடுத்தவளும் அவளேதான். வாண்டுவின் அறையில் கேமரா மாட்டி, அதன் படம் வேறு யார் கண்ணிலும் படாதபடி பூட்டி, திறக்கிற ஒரே சாவியை அக்காவின் போனில் போட்டுக் கொடுத்தாள். "வேற ஒருத்தராலயும் பாக்க முடியாதுல்ல?" என்று அக்கா பத்துத் தடவை கேட்டிருப்பாள். கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டும், பிள்ளை தூங்குவதை அந்த போனில்தான் பார்த்துக்கொண்டே கிடந்தாள்.

சித்தி சாவியின் பயன்பாட்டுப் பட்டியலை மேலே மேலே தள்ளிப் பார்த்தாள். நேற்று மட்டுமில்லை. தினமும், வாண்டுவைப் படுக்கப் போட்ட கையோடு, யாரோ திறந்து பார்த்திருக்கிறார்கள். அதுவும் இந்த வீட்டு இணைப்பிலிருந்தே. ஓடிப்போய் அலமாரியைத் திறந்தாள். அக்காவின் போன் பேட்டரி உப்பி, முதுகு பிளந்து, துண்டில் சுற்றியது சுற்றியபடி கிடந்தது. பொத்தானை அழுத்து அழுத்து என்று அழுத்தினாலும் உயிர் வரவில்லை.

அத்தான் வேலை விஷயமாக வெளியூர் போயிருந்தார். மேலாளரைத்தான் கூப்பிட்டாள்.

"எவனோ குழந்தைய பாத்துக்கிட்டிருக்கான் சார். சாவிய அழிச்சிடட்டுமா?"

"அவசரப்படாதம்மா, அழிச்சா அழிச்சதுதான். ஆபீஸ்ல என்ன பண்ணுவோம்? முடக்கி வை. யார் வந்து கேக்குறாங்கன்னு பாரு. அது இல்லாம முடியாதவன் வந்துதானே ஆகணும்!"

உண்மைதான். எத்தனையோ சாவிகளுக்குச் சொந்தக்காரர்களை அப்படித்தான் கண்டுபிடித்திருக்கிறாள். முடக்கிய கொஞ்ச நேரத்தில் மூஞ்சி சிவக்க மேஜை முன்னால் வந்து நிற்பார்கள். அதை வைத்து ஆபீஸே சிரிக்கும்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. வாண்டு வழக்கம்போல அடம் பிடித்துத் தலையை விரித்துப் போட்டபடியே படுத்தாள்.

"பின்னி விடறேன், வாடி."

"வேணாம் போ. அம்மா மாதிரி இறுக்கிப் பின்ன உனக்குத் தெரியாது."

மூலையில் கேமராவின் பச்சை விளக்கு எரிந்தது. யாராவது பார்த்தால்தான் அது எரியும்.

"அம்மா வந்துட்டாங்க," என்று வாண்டு கொட்டாவி விட்டாள்.

சித்தி கூடத்துக்கு வந்து, மடிக்கணினியைத் திறந்து, சாவியை முடக்கினாள். உள்ளே பச்சை வெளிச்சம் பட்டென்று அணைந்தது.

திரையில் ஒரு வரி வந்தது. திறக்க முயற்சி, மறுக்கப்பட்டது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. அப்புறம் இரண்டிரண்டாக, நாலைந்தாக, மூச்சு வாங்குகிறவளுடைய மார்பு போல ஏறி ஏறி இறங்கி, வரிகள் திரையை நிறைத்து மேலே ஓடிக்கொண்டே இருந்தன; ஜன்னல் கண்ணாடியில் மழை அறைய, அலமாரிக்குள்ளிருந்து ஏதோ மெல்லிசாக அதிர, சித்தி விரல் நகத்தைக் கடித்தபடி அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சட்டென்று நின்றது.

அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள். விட்டது சனியன்! எவனாக இருந்தாலும் இனி பிள்ளையைப் பார்க்க முடியாது.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. ஆஸ்பத்திரி மருந்து வாசனை. அக்காவின் கடைசி வாரங்களில் அவள் கழுத்திலும் கையிலும் ஊறிக் கிடந்த அதே வாசனை. அலமாரிப் பக்கமிருந்து கிளம்பி, சித்தியின் தோளை ஒட்டிக் கடந்து, வாண்டுவின் அறைக்குள் போயிற்று.

வாசல் கதவு பூட்டித்தான் இருந்தது.

"சித்தி..." உள்ளேயிருந்து வாண்டுவின் தூக்கக் குரல். "நீ ஏன் மூடினேன்னு அம்மா கேக்குறாங்க."

கேமராவில் பார்த்துக்கொண்டிருந்த அக்காவைச் சித்தியேதான் அறைக்குள் வரவைத்துவிட்டாள். பிள்ளையைப் பார்க்க முடியாமல் போனவள் நேரிலேயே வந்துவிட்டாள்.

"திறந்து விட்டுடறேன்க்கா. நீ முன்ன மாதிரி தூரத்துல இருந்தே பாரு. தயவு செஞ்சு பாரு." சாவியை மறுபடி இயக்கினாள். காத்திருந்தாள். கடைசியாகப் பயன்பட்ட நேரம் மாறவில்லை. திரையில் ஒரு வரிகூட வரவில்லை.

இனி அவளுக்குச் சாவி வேண்டியதில்லை.

சித்தி சுவரைப் பிடித்துக்கொண்டு அறை வாசலுக்குப் போனாள். கேமரா விளக்கு எரியவில்லை. கூடத்து வெளிச்சம் கட்டில் வரைக்கும் எட்டியது. வாண்டு எழுந்து உட்கார்ந்திருந்தாள். கண் மூடியிருந்தது. அவள் முதுகுக்குப் பின்னால் யாருமில்லை. மெத்தை மட்டும் ஓர் ஆள் உட்கார்ந்த ஆழத்துக்கு அமுங்கியிருந்தது.

பிடரியில் பாதி சடை.

முடியின் மூன்று பிரிகளும் காற்றில் தூக்கி நின்றன. ஒன்றின் மேல் ஒன்று ஏறியது. இன்னொன்று ஏறியது. சடை ஒரு பிடி கீழே இறங்கியது.

"வாண்டு, எங்கிட்ட வாடி. ஓடி வா!"

முடி விருட்டென்று இழுபட்டது. வாண்டுவின் முகம் கூரையைப் பார்த்து நிமிர்ந்தது. நெற்றித் தோல் விண்ணென்று பின்னால் போயிற்று. இமைகள் இழுபட்டு, தூங்குகிற கண்களில் வெள்ளை தெரிந்தது.

"வலிக்குதும்மா," என்றாள் வாண்டு.

சடை இன்னும் ஒரு சுற்று இறுகியது.