மூன்று இடங்களில் ராமிரோ

துக்குமான் நகரில் மதியச் சாப்பாடு முடிந்தால் நாய்கூடத் தெருவில் தலைகாட்டாது. கடைகள் ஷட்டரை இறக்கிவிடும். ஆய்வகத்திலும் அப்படித்தான், பேராசிரியரிலிருந்து வாட்ச்மேன் வரை எல்லாரும் வீட்டுக்குப் போய், ஜன்னல் பலகையைச் சாத்திக்கொண்டு, சாயங்காலம்வரை பிணம்போலத் தூங்குவார்கள். தூங்காத ஒரே ஜீவன் நேலிடா. கையில் கறி அடைத்துச் சுட்ட இரண்டு எம்பனாடாவோடு சர்வர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். "அண்ணனோட சாப்பிடப் போறாங்க" என்று கான்டீனில் ஒருவரையொருவர் இடித்துக்கொள்வார்கள். சிரிப்பு வராதவர்களும் சிரிப்பார்கள்.

அன்றைக்கு அவள் முதல் கடி கடிக்கும்போதே கவனித்துவிட்டாள். புது டிஸ்க்குகள் இருந்த பெட்டியின் பச்சை விளக்கு துடித்துக்கொண்டிருந்தது. டிஸ்க்கிலிருந்து யாராவது எதையாவது படித்தால்தான் அது துடிக்கும். யார் படிக்கிறார்கள் என்று கணினியைக் கேட்டாள். யாருமில்லை என்றது.

கான்டீன் கேலியில் பாதி உண்மை. அவளுடைய அண்ணன் ராமிரோ அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தான். மூளையைத் தின்னும் நோய் வந்து செத்தவன், சாகுமுன் மூளையைத் தங்கையின் ஆய்வகத்துக்கே எழுதிக்கொடுத்துவிட்டான். அதைக் காகிதத்தைவிட மெல்லிசாகச் சீவி, சாயமேற்றி, ஒவ்வொரு சீவலையும் மைக்ரோஸ்கோப்பில் படமெடுத்தாள் நேலிடா. விளக்கு வெளிச்சத்திலேயே சீவல்கள் வெளுத்துப் பாழாகிவிட்டன. மிச்சம் படங்கள்தான். அந்தச் சாயத்துக்கு ஒரு குணம்: சாவுக்கு முந்தின ஒரு மணி நேரத்தில் விழித்திருந்த செல்களை மட்டும் பச்சையாகக் காட்டும். ராமிரோவின் மூளையில் பச்சையே இல்லை. கடைசி வாரம் வலி தாங்காமல் "நேலி, என்னைத் தூங்க வெச்சிடு" என்று அவன் கெஞ்ச, மயக்க ஊசிக்கு அவள்தான் கையெழுத்துப் போட்டாள். இனிமேல் உனக்கு வலியே கிடையாது என்று காதில் சொல்லியும் இருந்தாள். படங்கள் அத்தனையும் இருட்டு. அவள் துக்கத்தில் மட்டுமல்ல, கொஞ்சம் நிம்மதியிலும் அழுதாள்.

அந்த இருட்டைப் பத்திரமாக வைக்கத்தான் டிஸ்க் வாங்கும் சண்டை. பழைய சுழலும் டிஸ்க்குகளில் ஒரு சீவலின் படத்தைத் திறப்பதற்குள் மாதே டீக்கு வைத்த தண்ணீர் கொதித்து ஆறிவிடும்.

"வேகமா வேணுமா, உசுரோட இருக்கணுமா? ஒண்ணைச் சொல்லு" என்றான் இலாரியோ. கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவன், தொப்பையையும் கிண்டலையும் சமமாக வளர்த்தவன். "வேகமா ஓடுற மலிவு டிஸ்க்கு எழுதி எழுதியே சீக்கிரம் செத்துப்போகும், தெரியுமில்ல?"

"ரெண்டும் வேணும்."

"உனக்கு வாய்ச்ச புருஷன் பாவம்."

"அதான் ஓடிட்டானே. டிஸ்க்கையாவது நல்லதா பார்த்து வாங்குடா."

வாங்கினார்கள். எழுத எழுதத் தேயாத, மின்சாரம் போனாலும் ஒரு எழுத்தை விடாத, உள்ளதிலேயே வேகமானவை. போதாதென்று கோர்தொபா ஆய்வகத்தில் ஒரு நகல், மொந்தெவிதேயோ ஆய்வகத்தில் ஒரு நகல். இங்கே மாறினால் அங்கேயும் உடனே மாறும். முந்தின வருஷம் ஒரு மாணவி தவறுதலாக ஒரு மீன்குஞ்சின் மூளைப் படங்களை மொத்தமாக அழித்ததிலிருந்து நேலிடாவுக்குப் பயம். அதனால் ஒரு பூட்டும் போடச் சொன்னாள். எதையும் யாராலும், அவளாலும், அழிக்க முடியாத பூட்டு.

இப்போது அந்த விளக்கு துடித்தது. நிற்கவில்லை. குளிர்காற்று விசிறிகளின் ஒரே மாதிரியான இரைச்சலுக்குள்ளே, காய்ந்த பிளாஸ்டிக் மணத்துக்குள்ளே, வெளியே பூமியே அடுப்பாய்க் காய்ந்துகொண்டிருக்கும் அந்த மத்தியானத்தில், அவளுக்கு முதுகில் மட்டும் வியர்த்தது. ஏதோ ஒரு சீவலின் படத்தைத் திறந்தாள். இருட்டின் நடுவே பச்சையாக ஒரு செல்.

தூசி என்று நினைத்தாள். இதே சீவலில், இதே இடத்தில், பழைய டிஸ்க்குகளிலும் ஒரு புள்ளியைப் பார்த்துத் தூசி என்றுதான் விட்டிருந்தாள். பெரிதாக்கினாள். தூசிக்குக் கிளைகள் இருக்காது. இதற்கு இருந்தன. படத்தை மூடித் திறந்தாள். பக்கத்தில் இன்னொன்று. மறுபடி மூடித் திறந்தாள். கொத்தாக.

மெதுவான பழைய டிஸ்க்கில் ஒரு செல் எரிய ஒரு வருஷம் ஆகியிருந்தது. இங்கே ஒரு மூச்சுக்குள் நூறு. எந்த இடம் என்று அவளுக்கு வரைபடம் பார்க்கத் தேவையில்லை; மூளையின் சந்துபொந்தெல்லாம் அவளுக்குத் தன் தெருவைவிடப் பழக்கம். முதலில் எரிந்தது வலியை உணரும் இடம்.

எம்பனாடா கையிலிருந்து விழுந்தது.

அழி என்று கட்டளை கொடுத்தாள். அனுமதி இல்லை என்றது. தன் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தாள். அனுமதி இல்லை. இலாரியோவைப் போனில் எழுப்பினாள்.

"தூங்குற நேரத்துல போன் பண்ற ஒரே ஆளு நீதான்" என்றான், குரலில் தலையணை ஒட்டியிருந்தது. "தீ பிடிச்சிருச்சா?"

"பூட்டை எடு. எல்லாத்தையும் அழிக்கணும்."

"எதை? அண்ணனையா? குடிச்சிருக்கியா நேலி?"

"எடுடா."

படுக்கை கிரீச்சிட்டது. "எடுக்க முடியாதும்மா. பூட்டுன்னா அதான் பூட்டு. அம்பது வருஷத்துக்குப் போடச் சொன்னது யாரு? எவன் வந்து காலைப் பிடிச்சாலும் தொறக்காதேன்னு நீயேதான் சொன்னே."

அவள் பெட்டியின் பின்னால் போய் மின்கம்பியைப் பிடுங்கினாள். விளக்கு அணைந்தது. விசிறி நின்றது. நாற்காலி முனையில் உட்கார்ந்து, வாயால் மூச்சு விட்டாள்.

"நேலி." போனில் இலாரியோ. குரலில் தூக்கம் இல்லை. "நான் இங்கேருந்து பார்க்குறேன். கோர்தொபாவுல யாரோ படிக்கிறாங்க. மொந்தெவிதேயோவுலயும். இவ்வளவு வேகமா எந்த மனுஷனும் படிக்க மாட்டான். யாரு அது?"

"அங்கேயும் நிறுத்தச் சொல்லு."

"யார்கிட்ட சொல்றது? எல்லாரும் தூங்குறாங்க. நீ கேட்டதாலதான் அங்கேயும் இதே டிஸ்க்கு போட்டாங்க."

அவளுடைய மடிக்கணினியில் கோர்தொபாவின் நகல் திறந்துகொண்டது. அவள் திறக்கவில்லை என்று பிறகு சொன்னால் யார் நம்பப்போகிறார்கள். வலியின் இடம் முழுக்கப் பச்சை. விளிம்புவரை. அதை ஒட்டி, பயத்தின் இடம். பிறகு தொண்டையை ஆட்டும் இடம், நாக்கு, உதடு. வாயைப் பிளந்து கத்தும் ஒரு மனிதனுக்கு என்னென்ன எரியுமோ, அத்தனையும். கத்துவதற்கு வாய் இல்லை. மூச்சில்லை.

அறையில் சத்தமே இல்லை.

வேகமான டிஸ்க். அவள் கண் இமைக்கும் நேரம், அந்த வேகத்தில் அவனுக்கு எத்தனை வருஷ வலி. கணக்குப் போடத் தெரிந்தவள். போடவில்லை.

மூடினாள். திறந்தது. மூடினாள். திறந்தது.

ஒரே ஒரு சீவல் மட்டும் இன்னும் இருட்டாக இருந்தது. காதை ஒட்டி, மூளையில் ஒலியைக் கேட்கும் இடம். அதை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கருப்பாக. அமைதியாக. அவளுக்குத் தெரிந்த ராமிரோவாக.

"அண்ணே" என்றாள், தன்னையறியாமல், மிக மெல்ல.

திரையின் ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி எரிந்தது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு எல்லாம், குரல் வந்த திக்கில் முகம் திரும்புவதைப்போல, வரிசையாக.