உத்தரீயத்துக்குள் பேசிய விலை

மேற்கே கடலுக்குள் கதிரவன் மூழ்கி, செவ்வானத்தின் கடைசிச் செம்மையும் அலைகளில் கரைந்துகொண்டிருந்த அந்த அந்தி வேளையில், கிழக்கே கருமலைகளின் முகட்டுக்கு மேலே முழுமதி எழுந்தது. எழுந்து, சரிவெங்கும் அடுக்கடுக்காய்ப் படர்ந்திருந்த ஆலிவ் தோப்புகளையும், கடலை மறித்து நின்ற கோட்டைக் கொத்தளங்களையும், கொத்தளத்தின் காலடியில் அசைந்தாடிய மரக்கலங்களையும் ஒருசேர வெள்ளியால் பூசியது. வாசக அன்பர்களே, வெள்ளி என்று நாம் சொன்னது வெறும் அலங்காரத்துக்காக அல்ல. அந்த நாட்டில் உண்மையாகவே விளைந்த பெருஞ்செல்வம் அதுதான்.

நாட்டின் பெயர் சிரேபிரா. ஒரு மலை, ஒரு துறைமுகம், ஒரு வெள்ளிச் சுரங்கம், அவ்வளவுதான் நாடு. நம் சோழ மண்டலத்தில் ஒரு கூற்றத்துக்கு உள்ள பரப்புகூட அதற்கு இல்லை. ஆனால் குழப்பத்தில் மட்டும் அது பேரரசாக இருந்தது என்பதை, கோட்டை வாயிலில் தலையைப் பிடித்துக்கொண்டு நின்ற சாத்தன் எழினியைக் கேட்டால் சத்தியம் செய்து சொல்லியிருப்பான்.

எழினி நாகப்பட்டினத்து வணிகன். செங்கடல் தாண்டி, ஒட்டகத்தின் முதுகில் பாலை கடந்து, நைல் நதியில் படகேறி, பிறகு வாடகை மரக்கலம் ஒன்றில் மிளகு மூட்டைகளோடு இந்தத் துறையில் வந்து இறங்கியிருந்தான். சிரேபிராவின் சுரங்கத்தில் தன் வணிகக் குழுவுக்கு ஒரு பங்கு வாங்கியே திரும்புவேன் என்று குழுவின் பெரியவர்கள் முன்னிலையில் மார்தட்டிவிட்டுப் புறப்பட்டவன் அவன். வெறுங்கையோடு போய் நின்றால் குழுவில் அவனுக்கு இருக்கையும் இல்லை, மரியாதையும் இல்லை.

ஆனால் பங்கை யாரிடம் வாங்குவது? காலையில் சுங்கம் கட்டிய மூட்டைக்கு மாலையில் பாலத்தருகே மறுபடியும் சுங்கம் கேட்டார்கள். இந்தப் பள்ளத்தாக்கின் எடைக்கல் அடுத்த பள்ளத்தாக்கில் செல்லாது என்றார்கள். சுரங்கத்துக்கு உடையவர் யார் என்று வினவினால் ஆளுக்கொரு திசையைக் காட்டினார்கள். போதாக்குறைக்கு, அவ்வூரார் 'ஆம்' என்பதற்குத் தலையை இடவலமாகவும், 'இல்லை' என்பதற்கு மேலும் கீழுமாகவும் ஆட்டினார்கள். நம் தமிழன் தலை எத்திசையில் எதற்கு ஆடும் என்று நமக்கே சில சமயம் தெரியாது. பாவம், அவர்கள் என்ன செய்வார்கள்!

"மூசா, எனக்குச் சித்தம் கலங்கிவிடும் போலிருக்கிறது. தெளிவாக ஒன்று சொல். இந்த வெள்ளி யாருடையது?" என்றான் எழினி.

மூசா எகிப்து தேசத்தான். நாகையின் கடைத்தெருவில் பல காலம் வாசனைச் சரக்கு விற்றவன். எழினிக்கு இப்போது வழித்துணையும் வாயும் அவன்தான். "கோமகள் யாஸ்னாவோடதுங்க ஐயா. யாஸ்னான்னா இவங்க பாஷையில தெளிவுன்னு அர்த்தம்."

"நல்லவேளை, பெயரிலாவது தெளிவு இருக்கிறது. அவரையே கண்டு பேசிவிடலாமே!"

"அதுதான் நடக்காது. அந்தம்மாவோட அப்பா சாகும்போது லாகூரா குடியரசுக்காரங்ககிட்ட ஒரு உடன்படிக்கை பண்ணிட்டுச் செத்தாரு. பொண்ணுக்குக் கல்யாணம் ஆகுற வரைக்கும் துறைமுகச் சாவி லாகூராவோட தூதன் ஒர்சோகிட்ட இருக்கும். வியாபாரம் பேசுற உரிமையும் அவனுக்குத்தான். அந்தம்மா மீறி ஒரு வார்த்தை பேரம் பேசினா, துறைமுகமே லாகூராவுக்குப் போயிடும். அதனால வெள்ளியை அவன் வெச்ச விலைக்கு அவனே வாங்கிக்கிறான்."

"மணமான பின்?"

"சாவி அந்தம்மா கைக்கு வந்துடும். ஆனா வர்ற ஞாயித்துக்கிழமை அவங்களைக் கட்டிக்கப் போறதே அந்த ஒர்சோதான்! ஊரே வயிறெரிஞ்சு கிடக்குது. கேக்குறதுக்கு நாதியில்லை."

எழினி பெருமூச்செறிந்தான். மூசா குரலைத் தாழ்த்தினான். "ஒரே ஒரு வழி இருக்குது. சுங்கச்சாவடியில யாஸ்கோன்னு ஒரு சின்னப் பையன் அதிகாரி. கோமகளோட பங்குல ஒரு பகுதியை ரகசியமா விக்கறதுக்கு அவனை அனுப்பியிருக்காங்களாம். இன்னிக்கே பேசி முடிச்சிடணும்."

ஆகவேதான் அவர்கள் சுங்கச்சாவடிக்குள் நுழைந்தார்கள். கல்லால் கட்டிய நீண்ட கூடம் அது. தேன்மெழுகு, உப்புக்கண்டம், ஈரத்தோல் ஆகிய மூன்றும் கலந்து அடித்த வாடையில் எழினி மூக்கைப் பொத்திக்கொண்டான். துறைமுகத் தொழிலாளர் சுவரோரம் அமர்ந்து மது அருந்திக்கொண்டிருந்தார்கள். நடுவே மேசையின் பின்னால், மென்மயிர்க் குல்லாயைப் புருவம் வரையில் இழுத்துவிட்டுக்கொண்டு யாஸ்கோ அமர்ந்திருந்தான். அவன் அருகில் வெண்தாடி மார்பில் புரள வீற்றிருந்தவர் குருவானவர் ராத்கோ. பெரிய பேரம் எதுவும் குரு ஒருவர் சாட்சியாக இல்லாமல் செல்லாது என்பது அந்நாட்டு வழக்கம்.

கணப்பின் அருகே கவிழ்ந்து கிடந்த இருவர் மட்டும் குடித்தவர்களைப் போல நடித்தார்கள் என்பதை எழினி ஒரே பார்வையில் கண்டுகொண்டான். அவர்கள் ஒர்சோவின் ஒற்றர்கள். வாய்விட்டு விலை சொன்னால் அடுத்த கணமே அது லாகூராவின் காதுக்குப் போய்விடும்.

இதற்கா வழி தெரியாது நாகை வணிகனுக்கு? தோளில் கிடந்த வெண்பட்டு உத்தரீயத்தை எடுத்தான். யாஸ்கோவின் வலக்கையைத் தன் வலக்கையால் பற்றினான். இரு கைகளின் மேலும் உத்தரீயத்தைப் போர்த்து மூடினான்.

"எங்கள் நாட்டில் விலையை விரலால் பேசுவோம். எத்தனை விரலைப் பிடிக்கிறேனோ அத்தனை மூட்டை மிளகு, ஒரு பாளம் வெள்ளிக்கு. வேறு விலை வேண்டுமானால் என் விரல்களில் அத்தனையைப் பிடிக்கவேண்டும். சம்மதமானால் கையைக் குலுக்கவேண்டும். சம்மதமில்லையேல் உருவிக்கொள்ளவேண்டும். துணிக்குள் பேசியதை வெளியில் சொல்வது எங்கள் குழுவில் பெருங்குற்றம்" என்றான். மூசா அதை மேசையின் மேல் குனிந்து காதோடு காதாக மொழிபெயர்த்தான்.

யாஸ்கோவின் முகம் குப்பென்று சிவந்தது. அவன் உத்தரீயத்தைப் பார்த்தான்; பிறகு குருவைப் பார்த்தான். குருவின் நரைத்த புருவங்கள் நெற்றியின் உச்சிக்கே ஏறிவிட்டன. சுவரோரத்தில் ஒருவன் கிண்ணத்தை நழுவவிட்டான். ஒற்றர் இருவரில் ஒருவன் மெல்ல எழுந்து வெளியேறினான். இவர்களுக்கெல்லாம் திடீரென்று என்ன நேர்ந்துவிட்டது என்று எழினிக்கு விளங்கவில்லை. ஆனால் யாஸ்கோ கையை இழுத்துக்கொள்ளவில்லை.

எழினி இரண்டு விரலைப் பிடித்தான். மறுகணம் அவனுடைய நான்கு விரல்களும் நெரிந்தன. அடேயப்பா! மூன்று என்று இறங்கி வந்தான், ஐந்தும் நெரிந்தன. விலை கேட்கக் கேட்க ஏறும் பேரத்தை அவன் எந்தச் சந்தையிலும் கண்டதில்லை. நாகையின் மாட்டுத் தரகர்கள் இவனிடம் பிச்சை வாங்கவேண்டும் என்று வியந்தான். வியப்பின் நடுவே வேறொரு குழப்பமும் தலைதூக்கியது. சுங்க மூட்டைகளைப் புரட்டும் கை இவ்வளவு மென்மையாக இருக்குமா? அதை விட்டுவிட மனம் வராமல் தான் ஏன் நான்காம் முறையாக விலை சொல்லிக்கொண்டிருக்கிறோம்?

கதவு தடாலென்று திறந்தது. கருஞ்சிவப்பு அங்கி தரையில் புரள, இடையில் பெரிய சாவிக்கொத்து குலுங்க, உருவிய வாளுடன் ஒர்சோ உள்ளே வந்தான். அவன் பின்னால் வீரர்கள் சிலர் வந்தார்கள்.

"பேரம் இனிதே நடக்கிறதா, யாஸ்கோ?" என்று சிரித்தபடி, வாளின் நுனியால் அந்தக் குல்லாயைத் தூக்கினான்.

குல்லாய் விழுந்தது. அடர்ந்த செம்பொன் பின்னல் ஒன்று சரிந்து இடை வரையில் தொங்கியது. கூடத்திலிருந்த தொழிலாளர் அனைவரும் "கோமகள்!" என்று கூவி மண்டியிட்டார்கள். எழினியின் வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. அவன் இத்தனை நேரம் பற்றியிருந்தது சிரேபிராவின் அதிபதி யாஸ்னாவின் கை!

"எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள். மணமாகாத பெண் வாணிபம் பேசிவிட்டாள். உடன்படிக்கை முறிந்தது. இக்கணம் முதல் இந்தத் துறைமுகம் லாகூராவின் உடைமை!" என்று முழங்கினான் ஒர்சோ.

குருவானவர் ராத்கோ மேசையில் கையை ஊன்றி எழுந்தார். "வாணிபமா? இந்தக் கிழவனின் கண்ணுக்கு வேறொன்றல்லவா தெரிகிறது! வலக்கையோடு வலக்கை சேர்ந்திருக்கிறது. மணமகன் கொண்டுவந்த துணி மேலே மூடியிருக்கிறது. எதிரே குருவும் ஊராரும் இருக்கிறோம். எங்கள் முன்னோர் மணம் புரிந்தது இப்படித்தான், தூதரே. மணமானவளுக்குச் சாவியும் உண்டு, வாணிபம் பேசும் உரிமையும் உண்டு."

மூசா தலையில் அடித்துக்கொண்டான். "ஐயா, கெட்டுது குடி! இங்க கையைப் பிடிச்சுத் துணியை மூடினா கல்யாணமாம்! நானும் இப்பத்தான் கேள்விப்படுறேன்!"

"என்ன? கல்யாணமா?"

"ஆமாங்க ஐயா, உங்களுக்குத்தான்!"

ஒர்சோ எழினியின் பக்கம் திரும்பினான். அவன் குரல் இப்போது தேனாக இனித்தது. "அயல்நாட்டு வணிகரே, உம்மை யாரும் சிக்கவைக்க வேண்டியதில்லை. விலைதான் பேசினேன் என்று உண்மையைச் சொல்லும். உமது மரக்கலம் நிறைய வெள்ளி தருகிறேன். சுரங்கத்தில் நீர் தேடிவந்த பங்கையும் தருகிறேன். நாளையே ஊர் திரும்பலாம்." மூசா அதை அப்படியே தமிழாக்கினான்.

எதற்காகக் கடல் கடந்து வந்தானோ, அது இதோ கைக்கெட்டும் தூரத்தில்! அதற்கு அவன் பொய்கூடச் சொல்லவேண்டியதில்லை. உண்மையைச் சொன்னால் போதும். ஆனால் அந்த உண்மை இவளுடைய நாட்டைப் பறித்துவிடும். ஞாயிற்றுக்கிழமை இவளையும் அந்த வாளுக்குரியவனிடம் ஒப்படைத்துவிடும். எழினி அவள் முகத்தைப் பார்த்தான். நெஞ்சு வலித்தது. பார்த்து ஒரு நாழிகை ஆகாத பெண்ணுக்காக ஏன் வலிக்கவேண்டும், வாசகர்களே?

"மூசா, கோமகளாரைக் கேள். கையின் மேல் துணியை மூடியபோதே அவருக்கு இது தெரியுமா?"

யாஸ்னா தாழ்ந்த குரலில் விடை சொன்னாள். மூசா தயங்கித் தயங்கித் தமிழாக்கினான். "தெரியும்கிறாங்க. கையை இழுத்துக்க நேரம் இருந்துச்சாம், இழுக்கலையாம்."

"அப்படியானால் அந்த விலை? இரண்டுக்கு நான்கு, மூன்றுக்கு ஐந்து என்று ஏற்றினாரே?"

இதைக் கேட்டதும் யாஸ்னாவின் கண்களில் நீர் திரண்டது. அந்த நீரோடேயே அவள் சிரித்துவிட்டாள். அவள் சொன்னதை மூசா தமிழில் சொன்னான். "விரல் கணக்கு எதுவும் அவங்களுக்குப் புரியவே இல்லையாம் ஐயா. பயந்துபோய்ப் பிடிச்சுக்கிட்டிருந்தாங்களாம்."

எழினிக்கு அந்த நாட்டில் வந்திறங்கிய பின் முதன்முதலாக ஒன்று முழுமையாகப் புரிந்தது.

"சிக்க வெச்சதுக்கு மன்னிக்கச் சொல்றாங்க. நீங்க கையை உருவிக்கிட்டாலும் தப்பா நினைக்க மாட்டாங்களாம்" என்று முடித்தான் மூசா.

"அயல்நாட்டவரே, துணிக்குள் நடந்தது என்ன?" என்று கேட்டார் குரு.

எழினி நிமிர்ந்து நின்றான். "பெரியீர், பொய் சொல்லி வாணிபம் செய்யும் குலமல்ல என் குலம். நான் இந்தக் கையைப் பற்றியது விலை பேசத்தான்."

மூசா அதை மொழிபெயர்த்ததும் ஒர்சோவின் முகம் மலர்ந்தது. யாஸ்னா கண்களை மூடிக்கொண்டாள்.

"ஆனால் எங்கள் வழக்கில் கையைக் குலுக்கும்வரை அல்லது உருவும்வரை பேரம் முடிவதில்லை. என் கை இன்னும் துணிக்குள்தான் இருக்கிறது. எந்த விலையும் முடியவில்லை. ஆகவே இங்கே வாணிபம் எதுவும் நடக்கவுமில்லை. அந்தப் பேச்சை நான் இத்தோடு கைவிட்டேன். இனி நீங்கள் உங்கள் வழக்கப்படி கேளுங்கள், விடை சொல்கிறேன்!"

மூசா அதையும் மொழிபெயர்த்ததும் கிழவர் வலக்கையை உயர்த்தினார். முன்னோர் வழிவந்த மணவினாவை அவர் உரத்த குரலில் கேட்டார். "யாஸ்னா, இந்தக் கையிலிருந்து உன் கையை இழுத்துக்கொள்வாயா?"

"மாட்டேன்."

"கடல் கடந்து வந்தவனே, நீ?"

"தென்கடல் அறிய, என் குலதெய்வம் அறிய, என் குழுவின் மேல் ஆணையாகச் சொல்கிறேன்," என்றான் சாத்தன் எழினி. "குழுவில் என் இருக்கை போனாலும் போகட்டும். அஞ்சி என்னைப் பற்றிய இந்தக் கையை உயிருள்ள வரையில் நான் உருவமாட்டேன்!"

மூசா அதை மொழிபெயர்த்தான். பிறகு எழுந்த ஆரவாரத்தில் கல்சுவர்கள் அதிர்ந்தன. தொழிலாளர்கள் படகுக் கழிகளோடு எழுந்து வாயிலை அடைத்து நின்றார்கள். ஒர்சோ அவர்களைப் பார்த்தான். தன் வீரர்களின் எண்ணிக்கையையும் பார்த்தான். பல்லைக் கடித்துக்கொண்டு இடையிலிருந்த சாவிக்கொத்தை அவிழ்த்து மேசையின் மேல் வீசினான்.

வலக்கை துணிக்குள் இருந்தபடியால், யாஸ்னா அதை இடக்கையால் எடுத்துக்கொண்டாள்.